ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற டிரைவர்

எல்இடி விளக்குகளைப் பழுது பார்ப்பதும் புதிதாகக் கட்டிக் கொடுப்பதும் என் வேலை. வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் தாங்களே செய்துகொண்ட விளக்குகள் இப்போது நிறைய வருகின்றன. பிரித்துப் பார்த்தால் எல்இடி பதித்த ஸ்ட்ரிப் தரமானதாக இருக்கும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான டிரைவரும் நல்ல டிரைவராகவே இருக்கும். ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சேர்த்திருப்பார்கள், அதுதான் கோளாறு.

கொண்டுவருகிறவர் சொல்லும் கணக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். "ஸ்ட்ரிப் எல்லாம் சேர்ந்து 240 வாட் சார், டிரைவரும் 240 வாட். சரியாத்தானே இருக்கு?" வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது. 24 வோல்ட்டில் 10 ஆம்பியர் கொடுக்கும் டிரைவரும் 240 வாட். 170 வோல்ட்டில் 1.4 ஆம்பியர் கொடுப்பதும் ஏறக்குறைய அதே வாட். ஒன்றுக்காக வயர் இழுத்த விளக்கில் இன்னொன்றை மாட்டினால் எரியாது, இல்லையென்றால் மின்னி மின்னி அணையும். டிரைவர் வாங்கும்போது வாட்டைக் கடைசியில் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது ஸ்ட்ரிப்பை.

ஸ்ட்ரிப் என்று சொல்லி இரண்டு வேறு பொருள்களை விற்கிறார்கள். சுருட்டி வைத்திருக்கும் டேப் ஒரு வகை. 12 வோல்ட் டேப்பில் மூன்று எல்இடிக்கு ஒரு வெட்டுக்கோடு இருக்கும், அந்த மூன்றோடு ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். எல்இடி மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 9 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரில் வெறும் சூடாகப் போகும். கொடுக்கிற மின்சாரத்தில் கால் பங்கு செடிக்கு வந்து சேருவதே இல்லை. அலமாரிக்கு அலங்காரமாக ஒட்ட டேப் போதும். நாள் முழுக்க எரிய வேண்டிய செடி விளக்குக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. ஆனால் டேப்பில் ஒரு வசதி உண்டு: நிலையான வோல்ட் கொடுக்கும் சாதாரண சப்ளை போதும், மின்னோட்டத்தை ரெசிஸ்டர் பார்த்துக்கொள்ளும்.

மற்றொன்று வளையாத, நீளமான பலகை ஸ்ட்ரிப். செடிக்கு ஏற்றது இதுதான். இதில் ரெசிஸ்டர் கிடையாது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு முழுவதும் டிரைவருடையது. அதனால் நிலையான மின்னோட்டம் கொடுக்கும் டிரைவர்தான் இதற்கு வேண்டும்.

ஏன் என்பதை மேசையிலேயே பார்க்கலாம். செடி விளக்குகளில் அதிகம் பேசப்படும் சாம்சங் எல்எம்301பி டயோடை, அதாவது ஸ்ட்ரிப்பில் உள்ள ஒற்றை எல்இடியை, எடுத்துக்கொள்வோம். 65 மில்லிஆம்பியர் ஓடும்போது அதன் வோல்ட் ஏறக்குறைய 2.75. இதற்கு மேல் பத்தில் ஒன்றிரண்டு வோல்ட் கூடினாலே மின்னோட்டம் மடங்கு கணக்கில் ஏறிவிடும். அதோடு, டயோடு சூடாகச் சூடாக அது கேட்கும் வோல்ட் குறையும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட். நிலையான வோல்ட் சப்ளையை நேராகப் பலகை ஸ்ட்ரிப்பில் கொடுத்துவிட்டு மீட்டரைப் பார்த்தால் எண் ஓரிடத்தில் நிற்காது. சூடு ஏறும், அதனால் மின்னோட்டம் ஏறும், அதனால் இன்னும் சூடு ஏறும். கை வைத்துப் பார்த்தால் பலகை சுடும். பல விளக்குகள் செத்த விதம் இதுதான்.

சரி, நிலையான மின்னோட்ட டிரைவர் என்று முடிவாகிவிட்டது. அடுத்து அதன் வோல்ட் எல்லை. இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. உதாரணத்துக்கு மீன்வெல் நிறுவனத்தின் எச்எல்ஜி-240எச்-48ஏ டிரைவர். 48 வோல்ட், 5 ஆம்பியர். அது மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும் என்று அதன் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) சொல்வது 24 வோல்ட்டிலிருந்து 48 வோல்ட் வரை மட்டும். இப்போது 120 டயோடு உள்ள ஒரு ஸ்ட்ரிப்பை வைத்துக்கொள்வோம்: எட்டு எட்டாக சீரீஸ் (ஒன்றின் பின் ஒன்றாக, வோல்ட் கூடும்), அப்படிப் பதினைந்து வரிசை பேரலல் (பக்கம் பக்கமாக, மின்னோட்டம் பகிரும்). எட்டு டயோடுக்கு 22 வோல்ட். பதினைந்து வரிசைக்கும் 65 மில்லிஆம்பியர் வீதம் கொடுத்தால் 975 மில்லிஆம்பியர், ஒரு ஆம்பியர் என்றே கொள்ளலாம்.

இந்த ஸ்ட்ரிப்புகளை எல்லாம் பேரலலாக அந்த டிரைவரில் மாட்டினால் டிரைவர் பார்ப்பது 22 வோல்ட். எல்லைக்குக் கீழே. சிலது ஓடும், சிலது துடித்துத் துடித்து அணைந்து எரியும். "டிரைவர் டூப்ளிகேட் போல" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அதே ஸ்ட்ரிப்பை இரண்டிரண்டாக சீரீஸ் செய்தால் 44 வோல்ட், எல்லைக்குள் நன்றாக உட்காரும். விளக்கு ஆறியிருக்கும்போது போட்டால் வோல்ட் கொஞ்சம் கூடும். ஜோடியில் ஒன்றின் பின் ஒன்றாகப் பதினாறு டயோடு, 20 டிகிரி வித்தியாசம் என்றால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். 48க்கு இன்னும் இடம் இருக்கிறது. 5 ஆம்பியரை ஐந்து ஜோடி பகிர்ந்துகொண்டால் ஜோடிக்கு ஒரு ஆம்பியர். மொத்தம் பத்து ஸ்ட்ரிப், 220 வாட். இவ்வளவும் ஒத்துவந்த பிறகுதான் வாட்டைப் பார்க்கிறேன்: 240க்கு 220, டிரைவருக்கும் மூச்சுவிட இடம் இருக்கிறது.

எங்களிடம் வேலை பழகும் தம்பி ஒருநாள் கேட்டான்: "அண்ணே, எல்லாத்தையும் சீரீஸ்ல போட்டா ஒரே மின்னோட்டம்தானே எல்லாத்துலயும் ஓடும்? பகிர்ற பிரச்சினையே இல்லையே?" அவன் கேட்டது நியாயம். 1.4 ஆம்பியரை 89 முதல் 179 வோல்ட் வரை கொடுக்கும் டிரைவர் இருக்கிறது. ஏழு ஸ்ட்ரிப்பை ஒரே கோட்டில் கோத்துவிடலாம், வயரும் மிச்சம். ஆனால் 150 வோல்ட்டுக்கு மேல் டிசி, ஸ்ட்ரிப்புகளைத் தாங்கும் சட்டத்தில் ஓடும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற இடம், கை ஈரம், இலையை விலக்கும்போது விரல் சால்டர் முனையில் படலாம். 60 வோல்ட் டிசிக்குக் கீழே இருப்பதைத்தான் பொதுவாகக் குறைந்த அபாயம் என்று வைக்கிறார்கள். வீட்டுக்குப் போகிற விளக்கை அந்த எல்லைக்குள்ளேயே கட்டிக் கொடுக்கிறேன். சீரீஸில் உள்ள ஒழுங்கு எனக்கும் பிடிக்கும், ஆனால் அதற்காக ஒரு குழந்தை தொடக்கூடிய இடத்தில் 150 வோல்ட்டை விட மனம் வராது.

பேரலலுக்கு அதன் சொந்தக் கவலை உண்டு. நாலைந்து பேர் தூக்கிய பாரத்தில் ஒருவர் கையை விட்டால் மற்றவர்கள் தோளில் ஏறுவது போலத்தான். ஒரு ஜோடியின் வயர் கழன்றால் 5 ஆம்பியரும் மீதி நான்கில் போகும், ஜோடிக்கு 1.25. இன்னொன்றும் கழன்றால் 1.67. ஸ்ட்ரிப்பின் உச்ச மின்னோட்டம் 2 ஆம்பியர் என்றால் பயமில்லை. 1.2 என்றால் முதல் வயர் கழன்றதுமே மற்றவை எல்லை தாண்டிவிடும். டேட்டாஷீட்டில் உச்ச எண்ணைத் தேடிப் பார்ப்பது இதற்காகத்தான், அந்த அளவில் ஓட்டுவதற்காக அல்ல.

மெதுவாக ஓட்டுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மின்னோட்டம் குறையக் குறைய, ஒரு ஜூலுக்கு எல்இடி தரும் ஒளித்துகள் கூடும். ஐந்து ஸ்ட்ரிப்பை முழு வேகத்தில் ஓட்டுவதைவிடப் பத்தைப் பாதியில் ஓட்டுவது செலவு கூடினாலும் சூடு குறைவு, வெளிச்சம் சீராகப் பரவும். கீரைக்கும் லெட்யூஸுக்கும் அவ்வளவு வெளிச்சம் தேவையும் இல்லை. ஒளித்துகள்களை மோல் கணக்கில் எண்ணுவார்கள்; சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் வீதம் 16 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 11.5 மோல் கிடைத்துவிடும், இலைப்பயிருக்கு அது ஏறக்குறையப் போதும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் கணக்கு வேறு, கூடுதல் வேண்டும். என்ன வளர்க்கப் போகிறீர்கள் என்று நான் முதலிலேயே கேட்பது அதனால்தான்.

முதல்முறை எரியவிடும் நேரத்தில் அவசரப்படவே கூடாது. டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்ட்ரிப் மாட்டாமல் இருந்தால் அதன் வெளியீட்டு வோல்ட் உச்சத்துக்கு ஏறி நிற்கும், உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரும் நிறைந்திருக்கும். அந்த நிலையில் வயரைச் செருகினால் அத்தனையும் ஒரே நொடியில் எல்இடி மேல் பாயும். இப்படி அடிபட்ட ஸ்ட்ரிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் டயோடின் மஞ்சள் பரப்பில் ஊசி முனையளவு கருப்புப் புள்ளி தெரியும். ஒரு வரிசையில் ஒன்று திறந்துபோனால் அந்த எட்டும் எரியாது. பிளக்கை உருவி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் வயரில் கை வைக்க வேண்டும். கனெக்டரில் வயர் லூசாக இருந்தாலும் இதே அடிதான், அதுவும் திரும்பத் திரும்ப.

48ஏ போலப் பெயர் ஏ என்று முடியும் டிரைவரில் ரப்பர் மூடிக்குள் இரண்டு திருகு இருக்கும், ஒன்று வோல்ட்டுக்கு, ஒன்று மின்னோட்டத்துக்கு. மின்னோட்டத் திருகை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவேன். பிறகு மீட்டரைப் பார்த்தபடி மெல்ல ஏற்றுவேன். வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குகிறவர்கள் டிசி ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த பலவும் ஏசியை மட்டுமே அளக்கும். ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்தால் எது அதிகம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். அரை மணி நேரம் சூடான பிறகு இன்னொருமுறை பார்ப்பது நல்லது.

டிரைவரைச் செடி இருக்கும் பெட்டிக்கு வெளியே வைக்கச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும். அலுமினியச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம். அப்புறம் டைமர். இந்த டிரைவர்கள் சுவிட்ச் போட்ட கணம் இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகம், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. சின்ன டைமரின் ரிலே முனைகள் அதில் ஒட்டிக்கொள்ளும், விளக்கு இரவெல்லாம் அணையாமல் எரியும். டிரைவர் ஒன்றுக்கு மேல் இருந்தால் டைமரோடு ஒரு காண்டாக்டரையும் சேர்த்தே கட்டிக் கொடுக்கிறேன்; டைமர் காண்டாக்டரை மட்டும் இயக்கும், சுமையைக் காண்டாக்டர் தாங்கும்.