டி கோடு வராத கார்டு

"மூணு வாரமாச்சு மேடம், தொட்டுக்கூடப் பார்க்கல" என்று, கஞ்சா சோதனைக்காக ரிசார்ட் எங்கள் லேபுக்கு அனுப்பிய ஜீப் டிரைவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அன்று விடியற்காலை இழுத்திருந்தாலும் சிறுநீர் சோதனைக் கார்டு இதையேதான் காட்டியிருக்கும்: பாசிட்டிவ்.

கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் கொழுப்பில் கரைவது. ரத்தத்தில் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். உடல் கொழுப்பில் தங்கியது மெல்ல மெல்லக் கசியும். கல்லீரல் அதை முதலில் 11-ஹைட்ராக்ஸி டிஎச்சி ஆக்கும், அதற்கும் போதை உண்டு. அடுத்து கார்பாக்ஸி டிஎச்சி: போதையே இல்லாத கழிவு. சிறுநீர் கார்டு தேடுவது இந்தக் கழிவை. எப்போதாவது இழுப்பவருக்கு மூன்று நாள் வரும். தினமும் இழுத்தவருக்கு ஒரு மாதம்கூட வரும்.

கழிவு மில்லிக்கு 50 நானோகிராமைத் தாண்டினால் கார்டில் டி என்ற சோதனைக் கோடு வராது, அதுதான் பாசிட்டிவ். வந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், நெகட்டிவ். இவருடையதில், கார்டு சரியாக வேலை செய்தது என்று காட்டும் சி கோடு மட்டும். மாதிரியிலும் குறையில்லை. அப்போதே கழித்த சிறுநீர்தானா என்று கப்பின் சூட்டை நான்கு நிமிடத்துக்குள் பார்த்தது, 32 டிகிரிக்கு மேல் (ஊட்டிக் குளிரில் இதைத் தள்ளிப்போட்டால் போச்சு). சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவான கிரியாட்டினினும் 100 மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல், தண்ணீரைக் குடித்து நீர்க்கவைத்த கதை இல்லை.

ரிசார்ட் மேனேஜர் போனில் கேட்டது வேறு: "ஓட்டும்போது போதையில இருந்தானா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." அதற்கு இந்தக் கார்டில் பதில் கிடையாது. ஜிசி-எம்எஸ் என்ற நுட்பமான கருவியில் உறுதி செய்தாலும் அதே கழிவுதான், நேரம் தெரியாது. ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அவர்கள் எடுத்துக்கொண்டது "பாசிட்டிவ்" என்பதை மட்டும். எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது என்று இருந்துவிடலாம்தான். ரிப்போர்ட்டின் மூன்றாவது வரியை யார் படிக்கிறார்கள்?

குடியில் கதை தலைகீழ். ஒரு குவாட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். கட்டங்காபியும் பச்சைத்தண்ணீர்க் குளியலும் அதைக் கூட்டாது. ராத்திரி பதினொன்று வரை இரண்டு குவாட்டர் போட்டவர் காலை ஆறுக்குக் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது, 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்புக்கு மேலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அவரை லேபுக்கு அனுப்பினால் சுத்தம் என்றே வரும். எங்கள் கார்டில் ஆல்கஹாலுக்குக் கோடே கிடையாது.

சாவி கொடுக்குமுன் ஊதச் சொல்லுங்கள், கூடவே எச்சில் ஸ்ட்ரிப்பும் வையுங்கள், அதில் பழைய கழிவைவிட சமீபத்தில் இழுத்ததுதான் அகப்படும் என்று மேனேஜரிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். புது டிரைவரைப் போட்டாகிவிட்டது. அவருக்குக் கார்டு நெகட்டிவ்.