கண்ணாடிக் கடையில் தொடங்கியிருக்க வேண்டிய வேலை

பத்து மீட்டர் தூர இலக்கைச் சுடும் போட்டிக்கான காற்றுக் கைத்துப்பாக்கிக்கு, அதாவது ஏர் பிஸ்டலுக்கு, சரியான சைட் (குறிபார்க்கும் உறுப்பு) எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய எட்டு மாதங்கள் ஆயின. தக்கலையிலிருந்து எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு ஞாயிறுதோறும் பயிற்சிக்குப் போய்வருபவன் நான், வயது ஐம்பத்திரண்டு, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கடைசித் தகவலைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும் என்பது பணமெல்லாம் செலவான பிறகே எனக்கு உறைத்தது.

பிஸ்டல் வாங்கிய கதையில் சொல்ல ஒன்றுமில்லை. 4.5 மில்லிமீட்டர் குழாயும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கி என்பதால் உரிமம் தேவைப்படவில்லை. அடையாள அட்டை நகலைக் கொடுத்து, பழைய ஜெர்மன் பிஸ்டல் ஒன்றை வாங்கி வந்தேன். இரண்டாவது வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. கையை நீட்டிக் குறி பார்த்தால் குழாய் நுனியில் நிற்கும் முன் சைட்டின் விளிம்பு பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தது. சைட்டில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, இணையத்தில் தேடி, போட்டிக்கு உகந்தது என்ற விற்பனையாளரின் வாக்கை நம்பி லென்சில் சிவப்பு ஒளிப்புள்ளியைக் காட்டும் ஒரு ரெட் டாட் சைட் வாங்கினேன். அதைப் பொருத்தும் பிடிக்குத் தனியாகவும் பணம் கட்டினேன்.

சிவப்புப் புள்ளி அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் எல்லைக்கு அப்பால் நடந்த ஒரு சிறிய போட்டியில், கருவிகளைச் சோதித்த மேசையிலேயே அது கழற்றப்பட்டது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் திறந்த சைட்டுக்கு மட்டுமே அனுமதி உண்டு. லென்சோ, லேசரோ, மின்புள்ளியோ பிஸ்டலின் மேல் இருக்கக்கூடாது. எடை 1,500 கிராமுக்குள், பிஸ்டல் முழுவதும் 420, 200, 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள், விசைவில்லின் இழுவை 500 கிராமுக்குக் குறையாமல் என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நான், சைட் பற்றிய வரியை மட்டும் படிக்காமல் போயிருந்தேன். விற்பனையாளரோ உறை பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று இரண்டே வரியில் பதில் எழுதிவிட்டார். அன்று வீடு திரும்பும் வழியில் ஒரு வாகனச் சோதனையில் பையைத் திறக்கச் சொன்னபோது, பிஸ்டலின் ரசீது வீட்டு அலமாரியில் இருந்தது. மகன் அதைப் படமெடுத்து அனுப்பும் வரை முக்கால் மணி நேரம் மழையில் நின்றேன். அந்த ரசீதின் நகல் இப்போது பிஸ்டல் பெட்டியின் மூடியிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு பயிற்சியாளரிடம் புலம்பினேன். பாறசாலைக்காரரான அவர் என் கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பார்த்துவிட்டு, "சாரே, சைட்டுக்கு ஒரு கேடும் இல்ல. கண்ணாடிய மாத்திட்டு வாங்க, பொறவு பேசுவோம்" என்றார்.

ஒரு கணக்கைச் சொன்னால் விஷயம் விளங்கும். முன் சைட்டுக்கும், கண்ணுக்குப் பக்கமாகப் பள்ளத்தோடு இருக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கிறது. முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் 0.2 மில்லிமீட்டர் ஒதுங்கினால், பத்து மீட்டரில் குண்டு ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். பத்து மதிப்பெண் வட்டத்தின் மொத்த விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். கை முழுவதும் ஒருசேர ஐந்து மில்லிமீட்டர் ஆடினால் குண்டும் ஐந்து மில்லிமீட்டர்தான் விலகும். ஆகவே கூர்மையாகத் தெரிய வேண்டியது முன் சைட்; இலக்கின் கறுப்பு வட்டம் சற்று மங்கினாலும் பாதகமில்லை. முன் சைட் கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கிறது. வெள்ளெழுத்துக்காரனுக்குப் படிக்கும் கண்ணாடியும் தூரக் கண்ணாடியும் ஒன்றுபோலக் கைவிடும் தூரம் அதுதான்.

இதைக் கண்ணாடிக் கடைக்காரருக்குப் புரியவைப்பது சைட் வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது. முதல் கடையில் நான் சொன்னதைக் காதில் வாங்காமல், படிப்பதற்கான கூடுதல் பவராக 2.00-ஐப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அது அரை மீட்டருக்கு உரிய கண்ணாடி. சைட்டும் கலங்கியது, இலக்கு காணாமலே போனது. இரண்டாவது கடையில் கொடுத்த, மேலிருந்து கீழாகப் பவர் மாறிக்கொண்டே வரும் ப்ரோகிரசிவ் லென்சில் சைட்டைத் தெளிவாகப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டியிருந்தது. கழுத்து வலிதான் மிச்சம்.

மூன்றாவதாகப் போன நாகர்கோவில் கடைக்கு, பிஸ்டலை எடுத்துச் செல்லாமல் (தயவுசெய்து யாரும் எடுத்துச் செல்லாதீர்கள்), பிஸ்டலின் நீளத்துக்கு ஒரு மரக்குச்சியை வெட்டி, நுனியில் கறுப்புத் துண்டு ஒட்டிக்கொண்டு போனேன். கடைப் பையன் வேடிக்கையாகப் பார்த்தான். கண் பரிசோதிக்கும் அம்மாவோ பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். லென்சுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் ட்ரையல் ஃப்ரேமை மாட்டி, நான் சுடும் நிலையிலேயே பக்கவாட்டாக நின்று குச்சியை நீட்ட, அவர் தூரப் பவரின் மேல் கால் காலாகக் கூட்டிக்கொண்டே வந்தார். 0.50 கூட்டியபோது விளிம்பு கூடிவந்தது, 0.75-இல் கத்தி முனைபோல் நின்றது; 1.00 ஆனதும் சுவரில் ஒட்டியிருந்த வட்டம் கரைந்துவிட்டது. 0.75 என்று எழுதிக்கொண்டோம். தலையைத் திருப்பி நிற்பதால் பார்வை லென்சின் ஓரமாகப் போகிறது என்பதையும் அவரே கவனித்து, லென்சின் மையம் அங்கே விழும்படி குறித்துக் கொடுத்தார். இந்தக் குறியை நீங்களாகவே கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பவர் சரியாக இருந்தும் விளிம்பு சாய்ந்து தெரியும். லென்ஸ் பிஸ்டலின் மேல்தான் தடை. முகத்தில் அணிவதற்குத் தடையில்லை.

கண்ணாடி வந்த பிறகு சைட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. 4 மில்லிமீட்டர் அகல முன் சைட்டில் கறுப்பு மெலிந்து கண் அலைந்தது, 5 மில்லிமீட்டரில் இருபுறமும் வெளிச்சம் நூலளவாகச் சுருங்கியது, 4.5-ஐ வைத்துக்கொண்டு, பின் சைட்டின் பள்ளத்தைத் திருகி, இருபுறமும் முன் சைட்டின் பாதி அகலத்துக்கு வெளிச்சம் தெரியும்படி விரித்தேன். வீட்டு ஓட்டுத் தாழ்வாரத்தின் வெள்ளைச் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல் ஒரு வாரம் பிடித்துப் பழகியதில், எந்த அகலம் எனக்கு என்பதில் சந்தேகமே எழவில்லை.

மிச்சமிருந்தது கிளிக் திருகுவது, அதாவது குண்டு விழும் இடத்தைச் சரிசெய்யப் பின் சைட்டின் திருகைத் திருப்புவது. இலக்கின் கறுப்பு வட்டத்துக்குக் கீழே வெள்ளையில் குறிவைத்துச் சுட்டதில் குண்டுகள் வட்டத்தின் நடுவைத் தாண்டி மேலே ஏறின. திருகில் இருந்த 'ஹெச்' என்ற எழுத்தை மேலே தூக்கும் திசை என்று எண்ணி, அதற்கு எதிராகத் திருகினேன். குண்டுகள் இன்னும் ஏறின. ஜெர்மன் பிஸ்டல்களில் அந்த எழுத்து, குண்டு மேலே போனால் இந்தப் பக்கம் திருகு என்று பொருள்படும். பயிற்சியாளர் வந்து சிரிக்கும் முன் நாற்பது பெல்லட்டுகள் வீணாகியிருந்தன. மறுபக்கம் திருகியதும் அடுத்த பத்துக் குண்டுகளில் ஏழு கறுப்பின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய இடத்தில் விழுந்தன. அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன்.

ரெட் டாட் இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. பாதி விலைக்குத் தரத் தயார். ஆனால் பத்து மீட்டர் போட்டிக்கு என்று கேட்டு வருபவருக்கு விற்கமாட்டேன்.