சுழல் பாஸ் பழக

செங்கோட்டை, புளியரைப் பக்கம் ரக்பி பழகும் பிள்ளைகளுக்கு.

இடப்பக்கம் ஸ்பின் பாஸ் (பந்து தன் நீள அச்சில் சுழன்றபடி போகும் பாஸ்) போட, சுழற்றுவது வலக்கை. அது பந்தின் பின்பாதியில், விரல்கள் தையலுக்குக் குறுக்கே விரிந்து இருக்கணும். இடக்கை திசை காட்ட மட்டும். உள்ளங்கை ஒட்டக் கூடாது. இடுப்போடு சேர்த்துக் கையை வீசி, விடும்போது வலது விரல்களைப் பந்தின் மேலாக உருட்டுங்கள். விரல் நுனி வாங்குபவரை நோக்கி நிற்கணும்.

பந்து தள்ளாடுதா? பெரும்பாலும் இடக்கை தாமதமாக விட்டிருக்கும். மணிக்கட்டை மட்டும் திருகினாலும் இதே கதிதான்; தூரமும் போகாது.

முதலில் 3 மீட்டரில் மண்டியிட்டுப் பழகுங்கள், பிறகு 5, அப்புறம் 10. ஆட்டத்தில் 3 மீட்டருக்குச் சுழற்சி வேண்டாம், பிடிப்பவருக்குச் சிரமம்.

ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது மேலே தூக்கிப் போடாதீர்கள். நெஞ்சு உயரத்தில் தட்டையாகப் போகட்டும். 5ஆம் எண் பந்து (பெரியவர்கள் ஆடும் அளவு) 410 முதல் 460 கிராம்தான், காற்று தள்ளிவிடும்.