மூட்டம்

டிசம்பர் 9
191. கோபுரம் தெரியவில்லை.

டிசம்பர் 11
தம்பி போனில், "அங்க காத்து சுத்தமா இருக்காக்கா?" என்றான். இருக்கு என்றேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே அப்பாவுக்கு டிக்கெட்டே போட வைத்தேன்.

டிசம்பர் 14
178. ஐந்தாவது நாளாக வெயில் இல்லை. தெற்கு ஜெர்மனியில் எங்கள் ஊர் வைன்கார்டன் இருக்கும் ஷுஸன் பள்ளத்தாக்கே இப்படித்தான். தெற்கே போடன்சே ஏரி, ஈரத்துக்குக் குறைவில்லை. குளிர்ந்த காற்று கனத்துப்போய் அடியில் தங்கிவிட, மேலே வெதுவெதுப்பான காற்று மூடியாக உட்கார்ந்துகொள்கிறது. மேலே போகப் போகக் குளிரும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். இங்கே டிசம்பரில் அது தலைகீழ்.

எதிர்வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தாலே போதும். புகை ஓர் ஆள் உயரம் எழும்பி, அங்கேயே படுத்து, எங்கள் ஜன்னலை நோக்கி ஊர்கிறது. அப்பா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "கரிமூட்டம் போட்டாப்ல இருக்கு தாயி. மேல மண்ணப் பூசி மூடிட்டு உள்ளயே புகைய விடுவாகள்ல."

டிசம்பர் 17
காற்றின் தரம் சொல்லும் செயலி இன்றைக்கு 'நன்று' என்கிறது. அது ஃப்ரீட்ரிஷ்ஹாஃபனில் வைத்த கருவியின் கணக்கு. இங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல், ஏரிப்பக்கம். எதிர்வீட்டுப் பாட்டியின் விறகடுப்பு அதற்கு எங்கே தெரியப்போகிறது?

டிசம்பர் 20
ஜன்னலைத் திறந்தால் புகை, திறக்காவிட்டால் பூசணம். கொட்டும் குளிரிலும் தினம் மூன்று நான்கு தடவை எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து போட்டு, ஐந்து பத்து நிமிஷத்தில் மூட வேண்டும். ஷ்டோஸ்லுஃப்டன். இந்த நாட்டில் அது கிட்டத்தட்ட மதம். படுக்கையறை மூலையில் கறுப்பாகப் புள்ளி விழுந்துவிட்டது, வீட்டுச் சொந்தக்காரர் பார்த்தால் முதல் கேள்வி, "ஒழுங்காகத் திறக்கிறீர்களா?" என்பதுதான். எந்நேரம் திறப்பது? காலை ஆறரைக்கு அவர்கள் அடுப்பு மூட்டுகிறார்கள், சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி. மத்தியானம் நான் ஆபீஸில். அப்பாவிடம் சொன்னால் மறந்துவிடுகிறார், இல்லையென்றால் ஒரு மணி நேரம் திறந்தே போட்டுவிடுகிறார்.

163.

டிசம்பர் 24
எல்லா வீட்டிலும் அடுப்பு எரிகிறது. 155.

ஜனவரி 1
இங்கே ராக்கெட், வாண வகையெல்லாம் டிசம்பரின் கடைசி மூன்று நாள்தான் கடைக்கு வரும். சேர்த்து வைத்ததுபோல் பன்னிரண்டு அடித்ததும் ஊரே கொளுத்துகிறது. நாடு முழுக்க வெடியால் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 2000 டன் நுண்துகள், அதில் பெரும்பங்கு இந்த ஒரே ராத்திரி. பால்கனிக் கதவடியில் ஈரத்துண்டைச் சுருட்டி அடைத்திருந்தேன்.

அப்பா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றார். சிவகாசியில் 31 வருஷம் போர்மேன். "அந்தச் சிவப்பு ஸ்ட்ரான்சியம். இந்தா, இது பேரியம்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நமக்கு பேரியமே கூடாதுன்னு 2018-ல தீர்ப்பு சொல்லிட்டாக. இங்க பாரு, பச்சப் பசேல்னு." அது கோபமா சிரிப்பா, எனக்குப் பிடிபடவில்லை. பனிமூட்டமும் புகையும் கலந்து, பன்னிரண்டரைக்கு எதிர்த் தெருவிளக்கையே காணோம்.

"கதவ ஒரு நிமிசம் தொறயேன் தாயி. வாசனைய மட்டும்."

திறக்கவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால், துண்டு நாலாக மடித்து நாற்காலியில் கிடந்தது. 139.

ஜனவரி 7
புகைபோக்கி துடைப்பவர் வந்தார், தலை முதல் கால் வரை கறுப்பு. அவரைப் பார்த்தால் அதிர்ஷ்டமாம். விடுவேனா, மாடிப்படியிலேயே மறித்துக் கேட்டேன்: பழைய அடுப்புகளுக்கு 2024 டிசம்பர் 31-ஓடு கெடு முடிந்ததே, எதிர்வீட்டில் எப்படி? 1950-க்கு முன் கட்டியது என்றால் சட்டம் அதைத் தொடாது என்றார். ஓடு பதித்த அடுப்பு, உட்கார மேடையெல்லாம் வைத்து, ரொம்ப அழகு என்று வேறு சொன்னார்.

அழகாம்.

ஜனவரி 17
112. எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் ப்ரெகன்ஸ் போய், ரோப் காரில் ஃபேண்டர் மலை ஏறினோம், 1064 மீட்டர். பாதி வழியில் கண் கூசியது. கார் நின்ற இடத்தில் −2; மேலே அப்பா மப்ளரைக் கழற்றிவிட்டார். எங்கும் நிற்காமல் நடந்தார். எண்ணிக்கொண்டே வந்தேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. வேலியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். ஏரியும் இல்லை, ஊரும் இல்லை, சாம்பல் வெள்ளையில் தட்டையாக ஒரு மூடி.

"அதுக்குள்ளயா தாயி இருக்கோம்?"

ஜனவரி 21
112.

ஜனவரி 24
112! ஃபூன் காற்று. ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும்போது உலர்ந்து சூடாகி வருகிறது. பசிலிக்காவின் இரண்டு கோபுரமும் தெரிகின்றன. தெற்கே மலைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. ஆபீஸில் பாதிப் பேருக்குத் தலைவலி. எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது.

ஜனவரி 28
112. தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பார்த்தாயா என்று கேட்கவும் கேட்டேன்.

பிப்ரவரி 1
மூட்டம் திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் 112.

பிப்ரவரி 3
துவைப்பதற்காக அப்பாவின் கோட்டை எடுத்தேன். ஒரே விறகுப் புகை வாடை. உள்பையில், மூச்சுத் திணறினால் இழுக்கும் நீல பம்ப் இன்னொன்று. 148.

புதுசு என்றால் 200 இழுப்பு. அதிலிருந்து 148 போனால் 52. ஃபேண்டருக்கு மறுநாளிலிருந்து 17 நாள்.

பிப்ரவரி 4
கேட்கவில்லை.

பிப்ரவரி 9
ஹேசல் பூத்தாயிற்று. பொழுது விடியாத ஊரில் இதற்கு மட்டும் அவசரம். மகரந்தக் குறியீடு 3-க்கு 2. பின்னாலேயே ஆல்டர் வரும், ஏப்ரலில் பிர்ச். அதற்குள் அவர் போயிருப்பார். 90 நாள்தானே விசா, 22 மிச்சம்.

141.

பிப்ரவரி 12
கணவரிடம் கத்திவிட்டேன், ஒரு ஈரத்துணிக்காக.

பிப்ரவரி 16
ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தேன். வீட்டில் அப்பா இல்லை, கோட்டும் இல்லை, செருப்பும் இல்லை. போனை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தெருமுனை வரை ஓடித் திரும்பினேன். மூட்டத்தில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். அடுப்பு மேடையில் முதுகைச் சாய்த்து அப்பா. மடியில் ஒரு தட்டு பணியாரம் மாதிரி ஏதோ. இரண்டு கையையும் தூக்கி, புஸ்வாணம் எப்படி எழும்பும் என்று பாட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பாட்டி குனிந்து இன்னொரு கட்டையை அடுப்பில் வைத்தாள்.