கணக்கு எழுதும் செலவு யார் தலையில்?

"உங்கள் கல்லூரியில் எத்தனை மாணவர்கள்?" என்று கேட்டால் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியின் அலுவலகம் ஒரே எண்ணைச் சொல்லாது. சொல்லவும் முடியாது. ஆயிஷே எனும் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்கு, குறிப்பிட்ட ஒரு தேதியில் பட்டியலில் இருப்பவர்கள் வேண்டும். மத்திய அரசு கல்லூரிகளுக்கு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் தனி, படிப்பவர்கள் தனி. படிப்பவர்களிலும் ஆண், பெண், வெளிமாநிலம், கட்டணத்தை அரசு ஈடுகட்டுவோர் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவைப் பொறுத்தவரை பரீட்சைக் கட்டணம் கட்டியவர்தான் மாணவர். உதவித்தொகைப் பட்டியல் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று போகும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கு இதெல்லாம் 5 ஆண்டுகளுக்கு வேண்டும்.

எண்கள் முரண்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே வகை ஆள்: டி.சி. வாங்காமலே நின்றுவிட்ட மாணவர். பொறியியல் இடம் கிடைத்து டி.சி. வாங்கிப் போனவரால் தொல்லை இல்லை, அவர் போன தேதி பதிவாகிவிடும். சொல்லாமல் நின்றவர் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் கிடக்கும், பரீட்சைப் பட்டியலில் இருக்காது. ஒரு படிவத்தில் இருந்து இன்னொன்றில் காணாமல் போன அந்தப் பெயருக்குத்தான் பிறகு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

நாக் 1994-ல் பெங்களூருவில் தொடங்கப்பட்டது. ஆயிஷே 2010-11 முதல், என்.ஐ.ஆர்.எஃப். முதல் பட்டியல் 2016-ல், மாணவர் பெறும் கிரெடிட்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கி 2021-ல். புதிதாக ஒன்று வந்ததால் பழையது எதுவும் நின்றுபோகவில்லை. கிரெடிட் வங்கிக் கணக்கு திறக்கும்போது நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர். இரண்டும் பொருந்தாது. ஆதாரைத் திருத்துவதா, கல்லூரிப் பதிவேட்டைத் திருத்துவதா என்று மாணவர் அலைவார். சான்றிதழில் இருப்பதில் கைவைக்காமல் ஆதாரை மாற்றச் சொல்வதே நல்லது. பட்டம் அச்சாவது சான்றிதழ்ப் பெயரில்தான்.

2017-ல் நாக் முறை மாறியபோது மதிப்பெண்ணின் பெரும்பகுதி நேரில் வரும் குழுவின் கையிலிருந்து இணையத்தில் ஏற்றும் தரவுகளுக்குப் போய்விட்டது. அரைநாள் கருத்தரங்கு ஒன்று நடந்தால் சுற்றறிக்கை, அழைப்பிதழ், கையெழுத்துடன் வருகைப் பட்டியல், அறிக்கை, பின்னூட்டப் படிவம், இருப்பிடக் குறியுடன் புகைப்படம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். புகைப்படத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். துறையிலிருந்து வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினால் அதற்குள் இருக்கும் இருப்பிடத் தகவல் அழிந்துவிடும். படத்தின் மேலேயே இடமும் நேரமும் பதியும் செயலியில் எடுக்க வேண்டும், அல்லது மூலக் கோப்பை மின்னஞ்சலில் வாங்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து மூன்று வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

இத்தனையும் யார் செய்வது? உதவிபெறும் பிரிவில் ஓர் இளநிலை உதவியாளர் ஓய்வு பெற்றால் அந்த இடம் வருடக்கணக்கில் காலியாகவே கிடக்கும். அரசு தரும் சம்பள மானியத்தில் டேட்டா என்ட்ரி ஆளுக்கோ மென்பொருள் சந்தாவுக்கோ வளாகத்தின் சுற்றுச்சூழலை ஆராயும் பசுமைத் தணிக்கைக்கோ பணம் கிடையாது. ஆக அது, மானியம் இல்லாமல் மாணவர் கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவிலிருந்து போகிறது. ஒரே கட்டடம், ஒரே பி.காம்., உதவிபெறும் பிரிவு காலை ஷிப்ட், சுயநிதி மாலை ஷிப்ட் என்பதுதான் வித்தியாசம். அறிக்கை இருவரைப் பற்றியும். அதற்கான பணம் மாலை ஷிப்டில் படிப்பவருடையது. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாக் குழு வருவதற்காகச் செய்யும் வெள்ளையடிப்பும் புதுப் பெயர்ப்பலகையும் கண்ணில் படும் செலவு என்பதால் அதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள்.

போதாததற்கு, பல்கலைக்கழக இணைப்புக் கட்டணத்துக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு என்று 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் தெளிவுபடுத்தியது. மாணவரிடம் வாங்கும் கல்விக் கட்டணத்துக்கு வரிவிலக்கு இருப்பதால், கல்லூரி கட்டிய இந்த வரியை வேறு வரியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழியில்லை. அதுவும் கட்டணத்தில்தான் சேரும்.

பணமாகக் கணக்கில் வராத செலவு ஆசிரியரின் நேரம். யு.ஜி.சி. விதிப்படி வாரம் 40 மணி நேரப் பணியில் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம் வகுப்பு. மிச்சம் பாடத் தயாரிப்புக்கும் ஆய்வுக்கும் என்று பெயர். கல்லூரியின் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளருக்கும் துறைக்கு ஒருவராக அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அந்த மிச்சம்தான் எக்செல் தாளாகிறது. சுயநிதிப் பிரிவின் தற்காலிக ஆசிரியரால் மறுக்கவும் முடியாது.

தரவு கேட்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. ஆயிஷே இல்லாமல் உயர்கல்வியில் பெண்கள் எத்தனை பேர் என்றுகூடச் சொல்ல முடியாது. அலுவலக அளவில் செய்யக்கூடியது: சேர்க்கை எண்ணை அடையாளமாக வைத்து ஒரே பதிவேடு, அதில் 'நின்ற தேதி' என்று ஒரு நெடுவரிசை. தொடர்ந்து வராதவர் பட்டியலைத் துறை மாதந்தோறும் தர வேண்டும், அலுவலகம் வீட்டுக்குக் கடிதம் போட்டுவிட்டு, பதில் வராவிட்டால் முதல்வர் ஒப்புதலுடன் தேதியைப் பதிய வேண்டும். பிறகு யார் எந்தத் தேதிக்குக் கேட்டாலும் வடிகட்டிக் கொடுத்துவிடலாம். இன்னொன்று, தர மதிப்பீட்டுச் செலவுக்குத் தனிக் கணக்குத் தலைப்பு. எழுதுபொருள், பராமரிப்பு, இதர செலவு என்று அது சிதறிக் கிடக்கும்வரை, ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று ஆட்சிக்குழுவுக்கே தெரியாது.