அரை நாளில் எழுதிய க்வெரி

2008 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். முதல் வாரமே “ரிசிஷன் டீமுக்கு ஒரு ரிப்போர்ட் வேணும்” என்றார்கள். பொருளாதார மந்தம் (recession) பற்றி ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (சிரிக்காதீர்கள், அந்த வருஷம் எல்லோர் வாயிலும் அதே பேச்சுதான்.) இது வேறு சொல், rescission. கொடுத்த பாலிசியை, கொடுக்கவே இல்லை என்பதுபோல முதல் நாளிலிருந்தே செல்லாததாக்குவது.

கேட்டது எளிய ரிப்போர்ட். தனிநபர் பாலிசி எடுத்து இரண்டு வருஷம் ஆகாதவர்கள். லுகேமியா, மார்பகப் புற்றுநோய் மாதிரி சில நோய்க் குறியீடுகளில் கிளெய்ம் போட்டவர்கள். டேட்டாபேஸிலிருந்து இவர்களைப் பொறுக்கி எடுக்கும் க்வெரியை அரை நாளில் எழுதி முடித்தேன். நன்றி சொல்லி மெயில்கூட வந்தது.

அந்தப் பட்டியலில் இருப்பவர்களின் பழைய மருத்துவப் பதிவுகளை ஒரு குழு வரவழைத்துப் படிக்கும். விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டது ஏதாவது சிக்கினால் பாலிசி போச்சு. விட்டதற்கும் வந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எனக்கு உறைத்தது இதுதான்: விண்ணப்பம் வந்த அன்று யாரும் அதை இப்படித் துருவவில்லை. பிரீமியம் வந்துகொண்டிருந்தவரை மெய்யா பொய்யா என்ற கவலையே கிடையாது. கீமோ பில் வந்த பிறகுதான் பூதக்கண்ணாடியை எடுத்தார்கள். சிகிச்சைக்குக் கொடுக்கும் பணத்துக்கு அந்தத் தொழிலில் பெயரே ‘லாஸ்’.

2009 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைத் துணைக்குழு இதை விசாரித்தது. மூன்று கம்பெனிகள், ஐந்து வருஷம், ஏறக்குறைய 20,000 பாலிசிகள், மிச்சம் பிடித்தது 30 கோடி டாலர். வேண்டுமென்றே மோசடி செய்தவர்களைத் தவிர மற்றவர்களை இனி விட்டுவிடுவீர்களா என்று தலைவர் பார்ட் ஸ்டுபாக் மூன்று அதிகாரிகளையும் கேட்டார். மூன்று பேரும் முடியாது என்றார்கள். அடுத்த வருஷம் ஒபாமாவின் சட்டம் வந்துதான் அது நின்றது.

அதற்கு முன்பே என் கான்ட்ராக்ட் முடிந்து, நானே தனிநபர் பாலிசிக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தது. ராத்திரி உட்கார்ந்து சின்ன வயசு மஞ்சள்காமாலை, எப்போதோ டாக்டரிடம் சொன்ன ஒற்றைத் தலைவலி என்று ஒன்றுவிடாமல் எழுதினேன்.

“இதெல்லாம் எதுக்குங்க எழுதறீங்க?” என்றாள் மனைவி.

“படிக்கப்போறவங்களை எனக்குத் தெரியும்.”

நோயைக் காட்டிப் பாலிசியே தராமல் இருக்கவும் அப்போது சட்டம் இடம் கொடுத்தது. மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, காரணம், ஒற்றைத் தலைவலி.