தகர டம்ளர் கையாலயே செய்யறது

கிருஷ்ணகிரி பழையபேட்டைல தகர வேலை பண்ற பெரியவர் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டது இது. 7 சென்டிமீட்டர் அகல டம்ளர்னா சுத்தளவு 22 வரும், ஜாயின்ட் மடிப்புக்கு 1.2 சேத்து வெட்டணும், உயரம் 8 வெச்சா வாய் வரைக்கும் சுமார் 300 மில்லி பிடிக்கும்.

ஜாயின்ட்லதான் மொத்த வித்தையும் இருக்கு. ரெண்டு ஓரத்தையும் எதிரெதிரா 4 மில்லிமீட்டர் மடிச்சுக்கிட்டு, இரும்பு பைப் மேல வெச்சு கையாலயே மெல்ல வளைச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி மரச் சுத்தியால தட்டணும், நான் ஓங்கினதுமே "அடிக்காத கண்ணு, தட்டு, அடிச்சா தகரம் விரிஞ்சிடும்"னாரு, அந்த சத்தத்துலயே மடிப்பு உக்காந்துச்சா இல்லையான்னு அவருக்குத் தெரியுது, எனக்கு அது பெரிய ஆச்சரியம். வாய் ஓரத்துல கம்பி வெச்சு சுருட்டிட்டா உதட்டக் கிழிக்காது, டம்ளரும் நசுங்காது.

அடிய பத்தவைக்க காரீயம் கலந்த சால்டர் (உருக்கி ஒட்டற உலோகக் கலவை) வேண்டவே வேண்டாம், குடிக்கிற பாத்திரம், காரீயம் இல்லாததே கடைல கிடைக்குது. வெறும் டம்ளர அடுப்புல மட்டும் வெக்காதீங்க, தகரத்து மேல இருக்கற வெள்ளீயப் பூச்சு 232 டிகிரிலயே உருகிடும்.